குஞ்சியம்மாவுக்கு ஒரு கல்வெட்டு

திங்கள், ஜூலை 21, 2025. வெள்ளவத்தை

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தனுப்புவது வழக்கம். கல்வெட்டு என்போம். இப்போது அட்டையில் நினைவு மலர் என்று போடுகிறார்கள். முதலில் இறந்தவரின் படம், அடுத்துத் திதி வெண்பா, பிறகு பஞ்சபுராணம், சிவபுராணம், நடுவில் வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவளியும் நன்றி நவிலலும். என் அலுமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் இவைதான். ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை என்பதால் பலவற்றை நானே பிழை திருத்திக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்தை ஒன்றிலிருந்து கிழித்து இன்னொன்றில் ஒட்டினாலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லோரும் இன்முகம் மாறாதவர்கள், விருந்தோம்பலில் சிறந்தவர்கள், சிவசிந்தை உடையவர்கள். அப்படியானால் ஊரில் இத்தனை வேலிச் சண்டைகளைப் போட்டது யார்?

குஞ்சியம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. குரோதி வருடம் ஆவணி மாதம் பூர்வபட்ச பஞ்சமியில், எண்பது வயதில், வெள்ளவத்தையில் காலமானார். அந்தியேட்டிக்குள் கல்வெட்டு அடிக்க முடியவில்லை. வருகிற ஆண்டுத்திதிக்காவது அடித்துவிட வேண்டும் என்று அவருடைய மகள் பிடிவாதமாக இருக்கிறாள். "அக்கா, நீங்கள்தான் எழுத வேண்டும். ஆனால் எல்லாருக்கும் எழுதுவதுபோல எழுதிவிடாதீர்கள்" என்று தொலைபேசியில் சொன்னாள்.

சொல்வது எளிது. நான் கொக்குவிலில் வாழ்ந்தவள், அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொழும்பில் கழித்தவர். விடுமுறைக்கு வந்து போன குஞ்சியம்மாவைத்தான் எனக்குத் தெரியும். கொழும்புக் குஞ்சியம்மாவைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். இடையில் ஆடி அமாவாசையும் வருகிறது. என் தகப்பனார் ஐயாவுக்குரிய கடமையையும் அங்கேயே செய்துவிடலாம் என்று புறப்பட்டேன்.

இரவு பஸ்ஸில் ஏறினால் விடியும்போது வெள்ளவத்தையிலேயே இறங்கலாம், வாருங்கள் என்றாள் தங்கை, குஞ்சியம்மாவின் மகளைத்தான் சொல்கிறேன். நான் யாழ்தேவி ரயிலில் வந்தேன். 1956-இல் ஓடத் தொடங்கிய வண்டி இது. ஐயா கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த காலம் முழுவதும் மாத முடிவில் அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது இதுதான். வரும்போது ஒரு கையில் கோட்டையில் வாங்கிய ஆங்கிலப் பத்திரிகை, மறுகையில் எங்களுக்கு பிஸ்கட் பெட்டி. போகும்போது முருங்கைக்காய்க் கட்டு. போர்க்காலத்தில், 1990-இல், யாழ்ப்பாணச் சேவை நின்றுபோனது. 2014 ஒக்டோபரில் மறுபடி வந்தபோது ஐயா இல்லை. இருந்திருந்தால் முதல் நாளே நிலையத்துக்குப் போய், வண்டி எத்தனை நிமிடம் பிந்தி வந்தது என்று குறித்துக்கொண்டு வந்திருப்பார்.

என் மூட்டையில் கடைசிப் பருவத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், ஒடியல் மா, வியாழக்கிழமைச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய். எதிரே இருந்தவரின் பத்திரிகையில் செம்மணி, சித்துப்பாத்திப் புதைகுழிச் செய்தி. அங்கே எடுக்கப்படும் எலும்புக்கூடுகளுக்கு எண் இருக்கிறது, பெயர் இல்லை. ஒரு குழந்தையின் பக்கத்தில் பாடசாலைப் பை கிடந்தது என்று சென்ற மாதமும் படித்தோம். அவர் பத்திரிகையை மடித்துவைத்த பிறகும் வெகுநேரம் ஒருவரும் எதுவும் பேசவில்லை.

கோட்டையில் இறங்கி முச்சக்கர வண்டியில் காலிமுகத்திடல் வழியாக வந்தோம். 1956 ஜூன் 5 அன்று, சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகத் தந்தை செல்வநாயகம் தலைமையில் இங்கே சத்தியாக்கிரகம் இருந்தவர்களை அடித்தார்கள். ஐயா மதிய இடைவேளையில் வந்து தொலைவில் நின்று பார்த்ததாகச் சொல்வார். அரசாங்க வேலை, கிட்டப் போகப் பயம். அந்தப் பயத்துக்கு ஈடு செய்யத்தானோ என்னவோ, பிறகு கடைசிவரை சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு அவர் இருக்கவே இல்லை. சம்பள உயர்வு நின்றது, பதவி உயர்வு நின்றது. ஐம்பது வயதாகுமுன் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டார்.

குஞ்சியம்மா 1966-இல் தட்டெழுத்தாளராகக் கொழும்புக்கு வந்தவர். அதே பரீட்சையை முதல் முறையிலேயே எழுதிச் சித்தியடைந்தார். ஐயா அவருடன் பேச்சை நிறுத்தினார். வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம், "உன் தங்கைக்குத் தேநீர் கொடு" என்பார். இவர் முற்றத்தில் நின்றே, "அத்தானிடம் சொல்லுங்கள், எனக்குத் தேநீர் வேண்டாம்" என்பார். எந்தக் கல்வெட்டிலும் நான் இதைப் படித்ததில்லை.

செவ்வாய், ஜூலை 22. கொட்டாஞ்சேனை

செவ்வாய்க்கிழமை என்றால் குஞ்சியம்மாவுக்குக் கொச்சிக்கடை அந்தோனியார். திருநீறு பூசிய நெற்றியோடு மெழுகுதிரியும் கையுமாக வரிசையில் நிற்பார். அவர் மட்டுமா, கொழும்பில் பாதிச் சைவர்கள் அப்படித்தான். பௌத்தர்களும் வருவார்கள். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அந்தோனியாருக்குப் பெயர் உண்டு. குஞ்சியம்மா கேட்டது வேறு. அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு லொத்தர் சீட்டு இருக்கும். அதை மெழுகுதிரியோடு சேர்த்துப் பிடித்துக் கும்பிடுவாராம். தங்கை இதை மெல்லிய குரலில் சொன்னாள், சுவாமி படத்துக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

இன்றும் நல்ல கூட்டம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று இந்த ஆலயத்தினுள் குண்டு வெடித்தது. நாடெங்கும் அன்று இறந்தவர்கள் 250-க்கும் மேல். சில வாரங்களில் ஆலயத்தைத் திருத்தி ஜூன் மாதமே திறந்தார்கள். திறந்ததற்கு அடுத்த செவ்வாயன்று, எழுபத்தைந்து வயதில், மகள் எவ்வளவு தடுத்தும் குஞ்சியம்மா பஸ்ஸில் வந்துவிட்டார். வாசலில் பையைச் சோதித்த சிப்பாயிடம், "மகனே, இத்தனை பேர் போன பிறகுதானா உங்களுக்குப் பையைத் திறந்து பார்க்கத் தோன்றியது?" என்று சிங்களத்தில் கேட்டாராம். பின்னால் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிப்பாய் பதில் சொல்லாமல் பையைத் திருப்பிக் கொடுத்தான்.

அச்சகம் கொட்டாஞ்சேனையில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. உள்ளே கணினிகள் வந்துவிட்டன. ஆனாலும் மேசையில் பென்சிலும் அழிறப்பருமாகப் பிழை திருத்துகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். திதி வெண்பாவும் அவரே கட்டிக் கொடுப்பார். வருடம், மாதம், பட்சம், திதி நான்கையும் சொன்னால் போதும், சாயத் தேநீர் ஆறுவதற்குள் நேரிசையில் ஒன்று வந்துவிடும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "வாழ்க்கை வரலாற்றுக்கு எங்களிடம் மாதிரி இருக்கிறது ரீச்சர், பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இளவயது மரணத்துக்குத் தனி." எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த மூன்றாவது மாதிரியை எத்தனை வீடுகளுக்கு அடித்துக் கொடுத்திருப்பார் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் எழுதிக்கொண்டு வெள்ளிக்கிழமை வருகிறோம் என்றேன்.

திரும்பும்போது பக்கத்தில் வுல்பெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் கட்டி 1757-இல் வழிபாட்டுக்குத் திறந்தது. நடக்கிற தளமெல்லாம் கல்லறைக் கற்கள். குலச் சின்னம், தலைக்கவசம், சுருள் கொடி என்று அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். என்ன பதவி, எப்போது பிறப்பு, எப்போது இறப்பு என்று காவலாளி ஒரு கல்லைக் காட்டிச் சொன்னார். ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு இங்கேயும் இடம் ஒதுக்கவில்லை.

மாலையில் ருத்ரா மாவத்தையில் இருக்கும் தமிழ்ச் சங்கத்துக்கு நடந்தேன். 1942-இல் தொடங்கிய சங்கம். நூல்நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்வெட்டைப் பற்றி இவ்வளவு குறை சொன்ன நான் இதையும் சொல்ல வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான புத்தகங்களும் சுவடிகளும் போயின. வீடுகளில் அலுமாரிக்கு அடியில் கிடந்த இந்த மெலிந்த புத்தகங்கள் தப்பின. எந்த ஊரில் யார் யாரை மணந்தார்கள், யார் மலாயாவுக்குப் போனார்கள், எந்தப் பாடசாலையை யார் கட்டினார்கள் என்பதற்கு இன்று இவைதான் சான்று. 2005-இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இவற்றையும் தேடி எடுத்து மின்வடிவில் ஏற்றிவைக்கிறது. அப்படியிருக்க, ஐம்பது வருடம் கழித்து ஒரு பெண்பிள்ளை குஞ்சியம்மாவைத் தேடி எடுத்துப் படித்தால் அவளுக்கு இன்முகமும் விருந்தோம்பலும்தானா கிடைக்க வேண்டும்?

புதன், ஜூலை 23. நுகேகொடை, பொரளை

இன்றைய நாளைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

குஞ்சியம்மாவின் பழைய பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா இப்போது நுகேகொடையில் மகனுடன் இருக்கிறார். எண்பத்து நான்கு வயது. பூப்போட்ட ஹவுஸ்கோட், நன்றாக இழுத்து முடிந்த வெள்ளைக் கொண்டை. இஞ்சி போட்ட சாயத் தேநீரும் கித்துள் கருப்பட்டித் துண்டும் தந்தார். ஐயா படிக்காத சிங்களத்தை நானும் படிக்கவில்லை, தங்கைதான் மொழிபெயர்த்தாள். குஞ்சியம்மாவை அவர் 'நங்கி' என்கிறார், தங்கை என்று.

1983 ஜூலை 25, தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, திங்கள் காலை வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஆட்கள் கையில் பட்டியலோடு வந்தார்கள். குஞ்சியம்மா, சித்தப்பா, நான்கு வயதுத் தங்கை மூவரும் பின் மதிலால் ஏறி இந்த அம்மா வீட்டுக்குள் குதித்தார்கள். விறகும் தேங்காயும் அடுக்கிய அறையில் மூன்று இரவுகள். முன்வாசலில் இவருடைய கணவர் கதிரை போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடம் இங்கே தமிழர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு எரிந்தது. இதுவரைக்கும் எங்களுக்கும் தெரியும். இந்த அம்மா சொன்ன மிச்சம்தான் புதிது.

இரண்டாம் நாள் பயந்து பயந்து சோறும் பருப்பும் சமைத்து அறைக்குள் கொடுத்தாராம். குஞ்சியம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "பருப்புக்கு முதற்பாலை இவ்வளவு முந்தி விட்டால் திரைந்துவிடும், இறக்குகிற நேரத்தில் விட வேண்டும்" என்றாராம். "வெளியே தெரு எரிகிறது. இவள் எனக்குப் பருப்புச் சமைக்கச் சொல்லிக் கொடுக்கிறாள்!" சொல்லும்போது அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துத்தான்.

அங்கிருந்து பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. ஒக்டோபரில் குஞ்சியம்மா மட்டும் வேலைக்குத் திரும்பி வந்தார். எரிந்த வீட்டிலிருந்து இந்த அம்மா பொறுக்கி எடுத்துவைத்த சாமான்களைக் கொடுத்தார். அதில் பித்தளை இடியப்ப உரல் இருந்தது, தட்டுகள் இல்லை. "பன்னிரண்டு தட்டு இருந்தது, எங்கே?" என்று கேட்டார் குஞ்சியம்மா. உயிரைக் காப்பாற்றியவரிடம் கேட்கிற கேள்வியா இது? இவரும் விடவில்லை. "நான் நெருப்புக்குள் போய் உரலை எடுத்தேன், தட்டை எண்ணிக்கொண்டு நிற்கவில்லை" என்றார். இரண்டு வருடம் பேச்சு இல்லை. ஒரே ஒழுங்கை, ஒரே பஸ் தரிப்பிடம், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இவருடைய கணவர் மாரடைப்பில் போன அன்று முதலில் வந்து படியேறியது குஞ்சியம்மாதான். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பெரிய சட்டியில் சோறும் பருப்பும் கொண்டு வந்தார். "அந்தப் பருப்பு நன்றாக இருந்ததா?" என்று கேட்டேன். தங்கை அதை மொழிபெயர்க்க, அம்மா உதட்டைப் பிதுக்கினார். "உப்புக் கூட" என்றார்.

நுகேகொடையிலிருந்து பொரளை கனத்தை மயானத்துக்குப் போகலாம் என்றேன். எங்கள் வீடுகளில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. சென்ற ஆண்டு மலர்ச்சாலை வாசலோடு நாங்கள் நின்றுவிட்டோம். அவரை எரித்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. தங்கைக்கு அரை மனம். நாளை அமாவாசை, அதுவும் ஜூலை 24. 1983-இல் இதே 24 அன்று மாலை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரை அடக்கம் செய்யவென்று கூடிய கூட்டம் இங்கிருந்துதான் கலைந்து கடைகளுக்குத் தீ வைத்தது. நாளைக்கு நான் இங்கே வரமாட்டேன், இன்றே முடித்துவிடுவோம் என்றாள்.

தகனச் சாலையின் புகைபோக்கியைத் தவிர பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. எரித்தவருக்குக் கல் ஏது? சாம்பலை முகத்துவாரத்தில் கரைத்தாயிற்று. மரநிழலில் நடந்துகொண்டே வேறு கல்லறைகளைப் பார்த்தோம். இலங்கையில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து 2008-இல் இறந்த அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இங்கேதான் இருக்கிறார். அவர் கடைசிவரை பெரியவராக வளரவில்லை, ஆனால் வளர்வதை ஒருபோதும் நிறுத்தவும் இல்லை என்று தம் கல்லறைக்கு அவரே சொல்லிவைத்த வாசகம். ஆளையே கண்ணில் நிறுத்துகிறது. என் அலுமாரியின் கீழ்த்தட்டில் இப்படி ஒரு வரி கிடையாது.

வீட்டுக்குள் நுழையுமுன் தலை முழுகினோம். பிறகு தங்கை அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வந்தாள். மதில் ஏறிக் குதித்தபோது நகைப் பையோடு குஞ்சியம்மா கையில் இருந்தது இதுதான், வீட்டுக் கணக்கு.

நீல மட்டை, முதுகில் துணி ஒட்டியது. மட்டையின் ஒரு மூலையில் பழைய எண்ணெய்க் கறை. உள்ளே தட்டெழுத்தாளருக்கே உரிய நேர்வரிசை: இடப்பக்கம் தேதி, நடுவில் பொருள், வலப்பக்கம் ரூபாய், சதம். பாண், நெத்தலி, மண்ணெண்ணெய், பஸ், சவோய். சவோய் என்பது தியேட்டர். மாதத்தில் ஒன்று தவறாமல் இருக்கிறது. ஆங்கிலப் படத்துக்கு என்னையும் ஒருமுறை கூட்டிப்போய், பாதியில் தூங்கிவிட்டு, வெளியே வந்து கதை முழுவதும் சொன்னார். யாருக்காவது கடன் என்றால் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. திருப்பிக் கொடுத்ததும் குறுக்கே வெட்டு.

1983 ஜூலை 24, ஞாயிறு: பாண், முருங்கைக்காய், வீரகேசரி. அதற்குப் பிறகு பாதிப் பக்கம் வெறுமை. அடுத்த வரி ஒக்டோபர் மாதத்தில் தொடங்குகிறது. எரிந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இடையில் அவர்கள் மூவரும் கொக்குவிலில் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். ஐயா ஒரு சதம் செலவழிக்க விடவில்லை, அதனால் கணக்கும் இல்லை. அப்போதும் அவர்கள் இருவரும் நேரே பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை, அம்மா வழியாகத்தான். ஒக்டோபரில் முதல் வரி இப்படி இருக்கிறது: "அத்தானுக்குக் கொடுக்க வேண்டியது, யாழ்தேவி டிக்கெட்." கீழே சிவப்புக் கோடு. அந்தக் கொப்பியில் வெட்டுப்படாத கடன் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. மறக்கிற ஆள் அல்ல அவர். ஐயா வாங்கியிருக்க மாட்டார்.

வியாழன், ஜூலை 24. ஆடி அமாவாசை

ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திரா பௌர்ணமி தாய்க்கு. விடியுமுன் தங்கையின் கணவருடன் முகத்துவாரம் போனோம். களனி கங்கை கடலில் சேருமிடம். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். ஐயருக்கு நிற்க நேரமில்லை, பெயரையும் கோத்திரத்தையும் கேட்டுக்கொண்டே அடுத்த ஆளுக்குப் போகிறார். ஐயாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, நான் ஒருத்திதான். கரையில் நின்றேன்.

எனக்கு மோட்ச அருச்சனை போதும். அதற்குக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். 1857-இல் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1912-இல் முடித்த திருப்பணியில் முழுக் கருங்கல்லாக்கினார். உள்ளே போனால் கொழும்பின் வெயிலும் ஹோர்ன் சத்தமும் பின்னாலேயே நின்றுவிடுகின்றன. தகப்பன் பெயர் நிலைக்க இப்படியெல்லாம் செய்ய எல்லோராலும் முடியுமா? நாங்கள் அருச்சனைச் சீட்டுக்கு வரிசையில் நின்றோம்.

என் முறை வந்தபோது தங்கை முந்திக்கொண்டு பணத்தை நீட்டினாள். "பெரியப்பாவுக்கு இது அம்மாவின் கணக்கு, டிக்கெட் காசு." ஐயா இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார் என்றேன். "இப்போது வேண்டாம் என்று சொல்ல அவர் இங்கே இல்லையே" என்றாள். அவளும் குஞ்சியம்மாவின் மகள்தானே! சீட்டை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கொப்பியில் வெட்டலாமா என்று கேட்டாள். நாற்பத்திரண்டு வருட வட்டியைக் கட்டிய பிறகு பார்க்கலாம் என்றேன்.

மதியம் காத்தோட்டிக்காய், வாழைக்காய், பூசணிக்காய், பயற்றங்காய், வடை, பாயாசம். காத்தோட்டிக்காய் வெள்ளவத்தைச் சந்தையிலும் இருந்ததாம், நான் சுமந்து வந்தது வீண் என்று எல்லோரும் சொன்னார்கள். ஐந்தாம் மாடிப் பல்கனிக் கைப்பிடியில் வாழையிலை வைத்துக் காகத்தைக் கூப்பிட்டோம். கொழும்புக் காகங்களுக்கு அழைப்பே வேண்டாம், ஒரு படையே வந்தது. ஐயா எப்போதும் பாயாசத்தில்தான் தொடங்குவார். இவை வடையைத் தூக்கிக்கொண்டு போயின. கீழ்மாடிக்காரர் தம் சன்னலில் சோறு விழுந்ததென்று காவலாளியை அனுப்பினார். அமாவாசை என்று சொன்னதும் காவலாளி, தன் அப்பாவும் போய் மூன்று வருடம் என்று சொல்லி, ஒரு தட்டில் சாப்பாடு வாங்கிக்கொண்டு இறங்கினார்.

வெள்ளி, ஜூலை 25. மறுபடி அச்சகம்

இரவு முழுவதும் இருந்து எழுதினேன். காலையில் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். லண்டனிலிருந்து மாமா தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார், அம்மாவுக்கும் குஞ்சியம்மாவுக்கும் மூத்தவர், தொண்ணூறு வயது. லொத்தர் சீட்டை எடு என்றார். ஐயாவுடன் பேசாத கதையை எடு என்றார், "நாலு பேர் என்ன நினைப்பார்கள் பிள்ளை?" பேரப்பிள்ளைகளின் பட்டங்களை அடைப்புக்குறிக்குள் ஒன்று விடாமல் போடச் சொன்னார். ஒரு மணி நேரம் இழுபறி. பட்டங்கள் போடுவதாக ஒப்புக்கொண்டேன். லொத்தர் போனது. அந்தோனியார் நின்றார். ஐயாவின் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, அது என் தகப்பன் கதையும்தான். கடைசியில் மாமா தாமாகவே, 1958 கலவரத்தில் ஐயா தம்மைப் பாணந்துறையிலிருந்து கூட்டி வந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். இத்தனை காலமும் ஐயா எங்களிடம் மூச்சு விடாத கதை. தொலைபேசியில் காசு முடியும்வரை கேட்டு எழுதிக்கொண்டேன். அது இன்னொரு புத்தகத்துக்கு.

குஞ்சியம்மாவுக்கு இலங்கை வானொலியின் மரண அறிவித்தல் என்றால் உயிர். 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கியதும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்காருவார். காலஞ்சென்ற இன்னாரின் அருமை மகளும், இன்னாரின் பாசமிகு சகோதரியும் என்று அந்த நீண்ட வாக்கியம் போகப் போக, யார் யாருக்கு என்ன முறை என்று விரலை மடித்துக்கொண்டே வருவார். ஒரு பெயர் விடுபட்டால், "மூத்த மருமகனை விட்டுவிட்டார்கள், ஏதோ சண்டை" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதையும் எழுதியிருக்கிறேன். அதற்காகவே எங்கள் மருமக்கள் பெயர்களை மும்முறை சரிபார்த்தோம்.

அச்சகப் பெரியவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தினார், அது என் பிழை அல்ல, தட்டச்சில் வந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இரண்டாம் பக்கத்தில் பென்சில் காதிலேயே இருந்தது. வாசித்து முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ரீச்சர், அந்த இடியப்பத் தட்டுகள் பிறகு கிடைத்தனவா?"

கிடைக்கவில்லை என்றேன்.

"அப்படியானால் அதையும் எழுதிவிடுங்கள். வாசிக்கிறவன் கேட்பான்" என்றார். ஒரு வரி கூடினால் அடுத்த பக்கத்துக்கு ஓடும், பக்கம் கூடினால் நான்காகத்தான் கூடும், தாள் விலை இருக்கிற இருப்பில் யோசியுங்கள் என்று உள்ளேயிருந்து முதலாளி குரல் கொடுத்தார். தங்கை என்னைப் பார்த்தாள். நான்கு பக்கம் கூடட்டும் என்றேன். மிச்ச இடத்துக்கு அம்மாவின் பருப்புக்கறிச் செய்முறையைப் போடலாம் என்றாள் அவள், முதற்பாலை எப்போது விட வேண்டும் என்பதோடு.